ஒரே கரை, எத்தனை வலயங்கள்? முல்லைத்தீவுக் கடற்கரையின் அனுமதிப்பத்திர வரலாறு

2005 ஜனவரியில் செய்தி மேசையில் இருந்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். கடற்கோள் தாக்கி மூன்று வாரங்கள்கூட ஆகாத நிலையில், கரையோரத்தில் இனிமேல் வீடு கட்ட முடியாது என்ற அறிவிப்பு கொழும்பிலிருந்து வந்தது. ஆங்கில அறிக்கையிலிருந்த சொல்லை எவ்வாறு தமிழாக்குவது என்பதில் எங்களுக்குள் ஒரு சிறு விவாதம் மூண்டது. 'தடுப்பு வலயம்' என்றார் ஒருவர். 'இடைத்தாங்கு வலயம்' என்றார் இன்னொருவர். எதை எழுதினாலும் வடக்கு வாசகருக்கு அது ஒரே பொருளைத்தான் தரும் என்று மூத்த சகபாடி ஒருவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 'வலயம்' என்ற சொல்லை வடக்கு மக்கள் அதுவரை அறிந்திருந்தது 'உயர் பாதுகாப்பு வலயம்' என்ற தொடரில் மாத்திரமே. நுழையக்கூடாத இடம் என்பதே அவர்களைப் பொறுத்தவரை அந்தச் சொல்லின் பொருள்.

அந்த விவாதத்தை நினைவுகூரக் காரணம் உண்டு. கரையோரத்தில் கட்டடம் எழுப்புவதற்கு யாரிடம் அனுமதி பெறுவது, மறுக்கப்பட்டால் யாரிடம் முறையிடுவது என்பது உலகின் பெரும்பாலான நாடுகளில் உள்ளூராட்சி அலுவலகமொன்றின் அன்றாடப் பணி. கோவைகளும் அளவை நாடாவும் றப்பர் முத்திரையும் சம்பந்தப்பட்ட, செய்தியாளர்களுக்குச் சலிப்பூட்டும் விவகாரம். வன்னியின் கிழக்குக் கரையில் அது அப்படி அமையவில்லை. அங்கே கரையில் கோடு கீறுவது எப்போதும் அரசியலாகவே இருந்து வந்திருக்கிறது.

முல்லைத்தீவு மாவட்டத்தின் கடற்கரை ஏறத்தாழ 70 கிலோமீற்றர் நீளமானது. தெற்கே கொக்கிளாய் களப்பு, அதற்கு வடக்கே நாயாறு, பின்னர் முல்லைத்தீவு நகரம், வட்டுவாகல், நந்திக்கடலுக்கும் சமுத்திரத்துக்கும் இடையே ஒடுங்கிய நிலத்துண்டாகக் கிடக்கும் முள்ளிவாய்க்கால், அப்பால் மாத்தளன், சாலை. 1978 செப்டெம்பரில் தனி மாவட்டமாக்கப்படும்வரை இக்கரையின் பெரும்பகுதி வவுனியாக் கச்சேரியின் கீழ் இருந்தது. கடலே இல்லாத வவுனியாவிலிருந்து கடற்கரை ஆளப்பட்டது என்பது ஒரு வேடிக்கை. அதற்கும் முன்னர், பிரித்தானியர் காலத்தில், வன்னியின் தலைமையிடமாக முல்லைத்தீவே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்று பிரதேச செயலாளர் பிரிவுக்கு வழங்கும் 'கரைதுறைப்பற்று' என்ற பெயரே, நிர்வாகம் இங்கே கரையையும் துறையையும் கொண்டுதான் கணக்கிடப்பட்டது என்பதற்குச் சான்று.

சட்டம் வருவதற்கு முன்பே கரையில் ஒழுங்கு இருந்தது. கரைவலை இழுப்பவர்களுக்குப் 'பாடு' என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. குறிப்பிட்ட நீளமுள்ள கரைத்துண்டில் வலை வளைத்து இழுப்பதற்கான உரிமையே பாடு. யாருடைய வலை முதலில், யாருடையது அடுத்து என்பதைக் கரையிலிருந்தோரே தீர்மானித்தனர். பிணக்கு வந்தால் பேசித் தீர்த்தனர். பாடு என்பது மண்ணின் சொந்தம் அல்ல. மண்ணைப் பயன்படுத்தும் முறைக்கான சொந்தம். எங்கள் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டத்தின் வேரும் இதற்குத் தூரமானதல்ல. மாரிகால அலை எட்டும் மிக உயர்ந்த எல்லை வரையிலான கரை எல்லோருக்கும் பொதுவானது என்று 6ஆம் நூற்றாண்டின் ஜஸ்டினியன் சட்டத்தொகுப்பு சொல்கிறது. பொதுவானது என்பதற்கும் அரசுக்குரியது என்பதற்கும் இடையில் உள்ள வேறுபாடு பின்னாளில் எங்கள் நாட்டில் மெல்ல மெல்ல மங்கிப்போனது.

இலங்கையின் கரையோரம் பேணற் சட்டம் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டமாகும். நடைமுறைக்கு வந்தது 1983இல். சராசரி உயர் நீர்க்கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர், சராசரித் தாழ் நீர்க்கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றர் என்று அது கரையோர வலயத்தை வரையறுத்தது. கடலுடன் தொடுக்கப்பட்ட ஆறு, களப்பு ஆகியவை இருக்குமிடத்தில் தரைப்பக்க எல்லை, முகத்துவாரத்தின் குறுக்கே கீறப்படும் அடிக்கோட்டிலிருந்து 2 கிலோமீற்றர் வரை உட்செல்லும். கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல் என்று களப்புகளாலேயே ஆன முல்லைத்தீவுக் கரைக்கு இந்த இரண்டாவது விதி மிக முக்கியமானது. கடலைக் கண்ணால் காண முடியாத தொலைவில் இருப்பவரும் தாம் கரையோர வலயத்துக்குள் வசிப்பதை ஒருநாள் அறிந்துகொள்ள நேரிடலாம்.

இந்த வலயத்தின் நிர்வாகமும் கட்டுப்பாடும் முகாமைத்துவமும் குடியரசிடம் உரித்தாக்கப்பட்டன. கரையோரம் பேணற் பணிப்பாளர் நாயகம் வழங்கும் அனுமதிப்பத்திரமின்றி அங்கே எவரும் அபிவிருத்தி வேலையில் ஈடுபட முடியாது. மீன்பிடித்தல், பயிரிடல், மரம் நடுதல் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. பெரிய திட்டமெனின் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கோரப்படும். அது பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டு 30 நாட்களுக்குள் கருத்துகள் பெறப்படும். சிறு வீடுகள், சிறு கடைகள், மணல் அகழ்தல் ஆகியவற்றுக்கான அனுமதி வழங்கும் அதிகாரம் பின்னர் பிரதேச செயலாளர்களுக்குக் கையளிக்கப்பட்டது. வலயம் முழுவதும் கட்டடத் தடை என்று எண்ணிவிடக் கூடாது. கரைக்கு மிக அண்மித்த ஒரு பட்டி ஒதுக்கப்பட்ட பகுதியாக விடப்படும். அதன் அகலத்தைக் கரையோர வலய முகாமைத்துவத் திட்டம் நிர்ணயிக்கிறது. முதலாவது திட்டம் 1990இலும் திருத்திய திட்டம் 1997இலும் வந்தன. சில இடங்களில் அந்தப் பட்டி 35 மீற்றர். அரிப்பு மிகுந்த இடங்களில் நூறு மீற்றரையும் தாண்டும். கடல் ஒவ்வோரிடத்திலும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்வதால் ஒரே அளவு எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்ற அறிவு அத்திட்டத்தில் இருந்தது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி மறுக்கப்பட்டவர் அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்யலாம். திணைக்களம் எந்த அமைச்சின் கீழ் இயங்குகிறதோ அதே அமைச்சின் செயலாளரே மேன்முறையீட்டையும் விசாரிக்கிறார். மறுத்தவருக்கும் மறுப்பை மீளாய்வு செய்பவருக்கும் இடையே ஒரு மாடிப்படியின் தூரந்தான். சுயாதீனமான தீர்ப்பாயம் கிடையாது.

சட்டம் நடைமுறைக்கு வந்த ஆண்டு எது என்பதை மறுபடியும் பாருங்கள். 1983. அந்த ஆண்டின் ஜூலைக்குப் பின்னர் என்ன நடந்தது என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தென்னிலங்கையில் திணைக்கள அதிகாரிகள் அளவை நாடாவுடன் ஹிக்கடுவையிலும் பெந்தோட்டையிலும் நடமாடத் தொடங்கியபோது, மன்னாரிலிருந்து முல்லைத்தீவு வரையான கடல் 1984இல் கண்காணிப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. இக்கரை சந்தித்த முதலாவது 'வலயம்' அதுதான். அவ்வாண்டு நவம்பர் இறுதியிலும் டிசெம்பர் தொடக்கத்திலும் கென்ட், டொலர் பண்ணைகளிலும் கொக்கிளாய், நாயாறு மீனவர் வாடிகளிலும் சிங்களக் குடிமக்கள் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணித் தமிழ் மக்கள் தமது ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். கால் நூற்றாண்டுக்கு மேல் அவர்கள் திரும்பவில்லை. இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் அந்தக் கரையின் கதையை எழுத முடியாது. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எழுதுவோர் இரு தரப்பிலும் உண்டு.

1996 ஜூலையில் முல்லைத்தீவுப் படைத்தளம் வீழ்ந்ததன் பின்னர் அக்கரை புலிகளின் நிர்வாகத்தின் கீழ் வந்தது. கச்சேரி இயங்கிக்கொண்டிருந்தது. அரசாங்க அதிபருக்கும் கிராம அலுவலருக்கும் கொழும்பே சம்பளம் வழங்கியது. ஆனால் கரையில் எதை எங்கே கட்டுவது என்பதைக் கொழும்புத் திணைக்களம் தீர்மானிக்கவில்லை. சட்டப் புத்தகத்தில் அந்தக் கரை இருந்தது. சட்டம் அந்தக் கரையில் இருக்கவில்லை.

இந்த நிலையில்தான் 2004 டிசெம்பர் 26 வந்தது. முல்லைத்தீவு மாவட்டத்தில் சுமார் 3,000 பேர் மாண்டனர். நகரின் கடலோரப் பகுதி தரைமட்டமாயிற்று. அரசாங்கத்தின் மீள்கட்டுமானச் செயலணி அறிவித்த தடை வலயம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். வடகிழக்கின் தரை தாழ்வானது, அலை கூடுதல் தூரம் உட்புகுந்தது என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் கடலைப் பார்த்து வரையப்பட வேண்டிய கோடு, மாகாண எல்லையில் வந்து திடீரென இரட்டிப்பாகிறது. கடலுக்கு மாகாண எல்லை தெரியுமா என்று அப்போது நான் ஒரு பத்தியில் கேட்டிருந்தேன். 1997ஆம் ஆண்டுத் திட்டத்தில் இருந்த இடத்துக்கு இடம் மாறும் அளவுகளை ஒதுக்கிவிட்டு, இரண்டே இரண்டு இலக்கங்களை நாடு முழுவதற்கும் பிரயோகித்தது அந்த அறிவிப்பு. சுற்றுலா விடுதிகளுக்குக் காட்டப்பட்ட தளர்வு மீனவர் குடிசைகளுக்குக் காட்டப்படவில்லை. மிக நெருக்கமாக மக்கள் வாழும் அம்பாறைக் கரையில், கல்முனை, சாய்ந்தமருது முஸ்லிம் மக்களுக்கு 200 மீற்றர் என்பது ஊரின் பாதியைக் கைவிடுவதற்குச் சமனானது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அறிவிப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்வதற்கு இடமே இருக்கவில்லை. அனுமதிப்பத்திரம் கேட்டு விண்ணப்பித்து, மறுக்கப்பட்டு, பின்னர் முறையிடுவது சட்டத்தின் வழி. செயலணியின் தடையோ விண்ணப்பத்தையே ஏற்காத தடை. விண்ணப்பம் இல்லாதவிடத்து மறுப்பும் இல்லை. மறுப்பு இல்லாதவிடத்து மேன்முறையீடும் இல்லை. நிவாரண உதவிக்கான தகுதி அந்தக் கோட்டைக் கொண்டு தீர்மானிக்கப்பட்டதால், கோட்டுக்கு உள்ளே இருந்தவர் தன் சொந்த வளவில் சொந்தச் செலவில் ஒரு அறையை எழுப்பவும் தயங்கினார். 2005இன் பிற்பகுதியிலிருந்து தடை தளர்த்தப்பட்டு, கரையோர முகாமைத்துவத் திட்டத்தின் அளவுகளுக்கே அரசாங்கம் திரும்பியது. அதாவது, ஏற்கெனவே கையில் இருந்த புத்தகத்தைத் திறப்பதற்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு பிடித்தது. இதற்கிடையில் பல குடும்பங்கள் தற்காலிகக் கொட்டில்களிலேயே அந்த ஆண்டைக் கழித்தன.

தமிழ்நாட்டில் நடந்ததை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்தியாவில் 1991 பெப்ரவரி 19ஆம் திகதிய கரையோர ஒழுங்குமுறை அறிவித்தல் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீற்றர் தூரத்தைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்திருந்தது. சுனாமிக்குப் பின்னர், 2005 மார்ச்சில் தமிழக அரசு வெளியிட்ட வீடமைப்பு ஆணை, 200 மீற்றருக்குள் இருந்தோருக்கு அப்பால் புது வீடு தருவதாகக் கூறியது. விரும்பாதோர் இருக்குமிடத்திலேயே இருக்கலாம், ஆனால் அரசின் உதவி கிடையாது என்பது அதன் சாரம். அதுவும் முழுமையான நீதி என்று சொல்ல மாட்டேன். பணமில்லாதவனுக்குக் கொடுக்கப்படும் தெரிவு எத்தகைய தெரிவு? எனினும் தெரிவு என்று ஒன்று எழுத்தில் இருந்தது. பின்னர் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அமைக்கப்பட்டு அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இயங்குவதால், நாகப்பட்டினத்து மீனவர் ஒருவர் அமைச்சின் செயலாளரிடம் அல்லாது ஒரு தீர்ப்பாயத்தின் முன் நிற்க முடிகிறது.

அந்த 2005ஆம் ஆண்டிலேயே இக்கரைக்கு இன்னொரு வலயம் கிடைக்கவிருந்தது. சுனாமிக்குப் பிந்திய செயற்பாட்டு முகாமைத்துவக் கட்டமைப்பு, அதாவது பி-ரொம்ஸ், அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே 2005 ஜூன் 24இல் கைச்சாத்தாயிற்று. தாழ் நீர்க்கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 2 கிலோமீற்றர் வரையான நிலத்தை அது 'சுனாமி அனர்த்த வலயம்' என்று வரையறுத்தது. அம்பாறை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலை ஆகிய ஆறு மாவட்டங்களின் கரையை அரசு, புலிகள், முஸ்லிம்கள் என்ற மூன்று தரப்பினரும் பிராந்தியக் குழுவொன்றில் அமர்ந்து பரிபாலிப்பது என்பதே ஏற்பாடு. குழுவின் அலுவலகம் கிளிநொச்சியில் அமையவிருந்தது. கரையோர நிர்வாகம் கொழும்பை விட்டு வன்னிக்கு வரவிருந்த ஒரே சந்தர்ப்பம் அது. உடன்படிக்கையை முஸ்லிம் தரப்பு கைச்சாத்தியாக இன்றிச் செய்தது பெருந்தவறு என்பதே என் கருத்து. அன்றும் அதை எழுதினேன். ஜே.வி.பி. அரசாங்கத்திலிருந்து விலகியது, அதன் பாராளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றம் சென்றனர். 2005 ஜூலை 15இல் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான குழாம் பிறப்பித்த இடைக்கால உத்தரவு, பிராந்திய நிதியத்தையும் குழு கிளிநொச்சியில் அமைவதையும் இடைநிறுத்தியது. அத்துடன் அந்த வலயம் காகிதத்திலேயே நின்றுவிட்டது.

அடுத்து வந்த வலயங்களைப் பற்றி நீட்டி எழுத மனம் ஒப்பவில்லை. 2009 ஜனவரியிலும் பெப்ரவரி 12ஆம் திகதியும் மே 8ஆம் திகதியும் அடுத்தடுத்து மூன்று பாதுகாப்பு வலயங்கள் அறிவிக்கப்பட்டன. இரண்டாவதும் மூன்றாவதும் நந்திக்கடலுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட அதே ஒடுங்கிய கரையில். வரைபடத்தை விரித்தால், சட்டம் 'கரையோர வலயம்' என்று சொல்லும் நிலத்தின் கணிசமான பகுதி அதற்குள்ளேதான் வருகிறது.

போர் முடிந்து மக்கள் கட்டங்கட்டமாகத் திரும்பினர். மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோது, கடைசியாக வெளியேறியவர்களில் இருந்த கேப்பாபுலவு மக்கள் தம் ஊருக்குச் செல்லவில்லை, சீனியாமோட்டையில் இறக்கிவிடப்பட்டனர். அவர்களுடைய ஊர் இராணுவத்திடம் இருந்தது. வட்டுவாகலில் 617 ஏக்கர் நிலம் கடற்படைத் தளத்துக்குள் அடங்கியது. அதை நிரந்தரமாகச் சுவீகரிப்பதற்காக நில அளவையாளர்கள் வந்தபோதெல்லாம் மக்கள் திரண்டு தடுத்தனர். 2017 ஜனவரியில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் வர்த்தமானி நந்திக்கடலையும் நாயாற்றையும் இயற்கை ஒதுக்கிடங்களாக அறிவித்தது. ஒவ்வொன்றும் 4,000 ஹெக்டெயருக்கு மேல். களப்புகள் காக்கப்பட வேண்டியவை என்பதில் எனக்கு ஐயமில்லை. நந்திக்கடல் தூர்ந்துபோனால் இறால் பிடிப்பவர்தான் முதலில் அழிவார். ஆனால் ஒரு பக்கம் படைத்தளம், மறுபக்கம் சரணாலயம் என்று கோடுகள் கீறப்பட்டுவிட்ட பின்னர், இடையில் எஞ்சியதில் கரையோரம் பேணும் சட்டமும் தன் 300 மீற்றருடன் வந்து நின்றது. 2011ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கத் திருத்தம் அதற்குக் கரையோர மூலவள முகாமைத்துவம் என்ற பெயரையும் சேர்த்திருந்தது.

நடைமுறையில் ஒருவர் என்ன செய்ய வேண்டியிருந்தது என்று பாருங்கள். வீடு கட்டுவதற்குப் பிரதேச சபையின் அனுமதி தேவை. கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு பிரதேச சபைகளுக்கு 2011இல் நாட்டின் ஏனைய பகுதிகளுடன் நடந்திருக்க வேண்டிய தேர்தல் மீண்டும் மீண்டும் தள்ளிப்போய் 2018 பெப்ரவரி 10இல்தான் நடந்தது. மீள்குடியேற்றத்தின் உச்ச காலம் முழுவதும், முறையிடச் செல்வதற்கு வட்டார உறுப்பினர் என்று ஒருவர் இருக்கவில்லை. அடுத்து, கரையோர அனுமதிக்குக் காணியின் உறுதியும் நில அளவை வரைபடமும் காட்ட வேண்டும். மூன்று, நான்கு தடவை இடம்பெயர்ந்து, கடைசியில் உடுத்த உடையுடன் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தவரிடம் உறுதி எங்கே இருக்கும்? பரம்பரையாக ஆண்டதற்குப் பாட்டன் நட்ட தென்னையே சாட்சி என்றால், அந்தத் தென்னையையும் ஷெல் கொண்டுபோய்விட்டது. மறுக்கப்பட்டால் முறையீடு 300 கிலோமீற்றருக்கும் மேல் தொலைவிலுள்ள கொழும்பில். அதற்கும் மேலே செல்வதெனின் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை மனு, அதுவும் கொழும்பிலேயே. மாகாண மேல் நீதிமன்றத்துக்கு எழுத்தாணை வழங்கும் அதிகாரம் உண்டு என்றாலும் அது மாகாண சபைப் பட்டியலில் உள்ள விடயங்களுக்கு மட்டுமே. அரச காணி தொடர்பில் அந்த அதிகாரம் இல்லையென்று உயர் நீதிமன்றம் 2013 செப்டெம்பரில் சோலைமுத்து ராசு வழக்கில் தீர்ப்பளித்தது. வடக்கு மாகாண சபைக்கு முதலாவது தேர்தல் நடந்து ஒரு வாரம்கூட முடியாத வேளை அது.

நாயாற்றுப் பிரச்சினையையும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்க்க வேண்டும். பருவகாலத்தில் தென்னிலங்கையிலிருந்து வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வது போருக்கு முன்பும் இருந்த வழக்கந்தான். பிணக்கு மூண்டது எண்ணிக்கையிலும் வாடிகள் நிலைகொண்ட விதத்திலும். ஊர்ச் சங்கங்களின் கேள்வி எளிமையானது: இந்த வாடிகளுக்கு அனுமதி தந்தது யார், எந்தச் சட்டத்தின் கீழ்? கடற்றொழில் திணைக்களம், பிரதேச செயலகம், கரையோரத் திணைக்களம் என்று கேள்வி சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில், 2018 ஆகஸ்ட் 13 இரவு தமிழ் மீனவர்களின் வாடிகளும் படகுகளும் வலைகளும் தீயிடப்பட்டன.

கடைசியாக வந்த கோடு 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி. 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வட மாகாணத்தில் 5,941 ஏக்கர் நிலத்துக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிடின் அரச காணியாகிவிடும் என்று அது அறிவித்தது. யாழ்ப்பாணம் 3,669, முல்லைத்தீவு 1,703, கிளிநொச்சி 515, மன்னார் 54 ஏக்கர். இவற்றில் பெருமளவு கரையோரக் கிராமங்களின் நிலம். உரிமையாளர்களில் எத்தனையோ பேர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் தமிழ்நாட்டு முகாம்களிலும் இருக்க, மூன்று மாதம்! முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் எம்.ஏ. சுமந்திரன் தாக்கல் செய்த மனுவை ஆராய்ந்த உயர் நீதிமன்றம் ஜூன் மாதத்தில் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் வர்த்தமானியை மீளப்பெறுவதாக அறிவித்தது.

வெளிநாடுகளில் வாழும் வாசகர்களில், முல்லைத்தீவுக் கரையில் பெற்றோர் பெயரில் காணி உள்ளவர்கள் இருக்கக்கூடும். இலங்கையில் நொத்தாரிசு ஒருவர் எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுவது சட்டம். வீட்டிலிருந்த மூலம் தொலைந்திருந்தாலும் நொத்தாரிசின் பெயரும் ஏறத்தாழ எழுதப்பட்ட ஆண்டும் தெரிந்தால் பதிவகத்தில் தேடிப் பார்க்கலாம். அந்த விபரங்களை அறிந்த முதியவர் ஒருவர் உங்கள் குடும்பத்தில் இன்னும் உயிரோடு இருந்தால், அடுத்த தொலைபேசி அழைப்பிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.